சிறை ஊழியம்: பாதி வேலை மதிலுக்கு வெளியே

கேள்வி: எங்கள் சபையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சிறை ஊழியம் தொடங்க நினைக்கிறோம். பாடல், செய்தி, ஜெபம் என்று மாதம் ஒரு கூட்டம் நடத்துவதாகத் திட்டம். என்ன தயாரிப்பு வேண்டும்? கைதிகளின் குடும்பங்களுக்கும் ஏதாவது செய்ய முடியுமா? விடுதலையாகி வருகிறவர்களை நம்பிச் சபைக்குள் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

உங்கள் கேள்வியில் கூட்டம் முதலில் வருகிறது, குடும்பம் "ஏதாவது செய்ய முடியுமா" என்று பின்னால் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்லப் போவதில் முக்கால்வாசி. கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூட்டும் சாவியும் தவிர வேறு சத்தமே இல்லாத இடத்தில் நாலு பேர் சேர்ந்து பாடுவது பலருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கூட்டம் முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உள்ளே இருப்பவர் அன்றிரவு புரண்டு புரண்டு படுத்து யோசிப்பது உங்கள் செய்தியின் மூன்றாவது குறிப்பை அல்ல. வாடகை கட்டினாளா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க யார் இருக்கிறார்கள், ஏன் இத்தனை மாதமாக ஒருத்தரும் பார்க்க வரவில்லை என்பதைத்தான்.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடியும் பெரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் வாய்ப்பு, யாருமே வராதவர்களைவிட 13 சதவீதம் குறைவாக இருந்தது. யார் வந்து பார்த்தால் பலன் அதிகம் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். அப்பா, உடன்பிறந்தவர்கள், மாமனார் மச்சான் வகை உறவுகள், அப்புறம் போதகர்கள். மணமுறிவு பெற்ற முன்னாள் துணை வந்தபோது மட்டும் நிலைமை மோசமானது. பார்க்க ஆள் வருகிற கைதிக்கு வீட்டு உறவு ஏற்கெனவே ஓரளவு நன்றாக இருந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்தான். ஆனாலும் உங்களுக்குத் தேவையான விஷயம் இதில் இருக்கிறது: உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பக்க வேலை இல்லை.

வேதத்தில் ஆதாரம் கேட்டால் எல்லோரும் "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்ற மத்தேயு 25-க்குப் போவார்கள். சரிதான். எனக்கு என்னவோ ஒநேசிப்போருதான் பிடிக்கும். 2 தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் இரண்டு மூன்று வசனத்தில் வந்துபோகிற மனிதர். ரோமில் பவுல் விலங்கோடு இருந்தபோது அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தவர். பவுலின் விலங்கைப் பற்றி வெட்கப்படாதவர். அந்தக் கடிதத்தின் கடைசியில் பவுல் கேட்பவற்றையும் பாருங்கள்: துரோவாவில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், மழைக்குளிர் தொடங்குமுன் நீ வந்துவிடு என்ற கெஞ்சல். போர்த்திக்கொள்ள ஒன்று, படிக்க ஒன்று, பக்கத்தில் ஓர் ஆள். சபைகளையே ஸ்தாபித்த அப்போஸ்தலனுக்குச் சிறையில் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இந்த ஊழியத்தின் சரித்திரத்திலும் இதே கதைதான். எலிசபெத் ஃப்ரை 1813-இல் லண்டனின் நியூகேட் சிறைக்குள் முதல்முறை போனபோது, பெண் கைதிகளோடு அவர்களுடைய குழந்தைகளும் அதே நெரிசலில் கிடந்தார்கள். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். சில ஆண்டுகள் கழித்து மறுபடி போனபோது அந்தத் தாய்மாரிடம் முதலில் எடுத்த பேச்சு, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாமா என்பது. கைதிகளில் இருந்தே ஓர் ஆசிரியையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1817-இல் அந்தப் பெண்களுக்காக ஒரு சங்கம் அமைந்தது. தையல் வேலை, வேத வாசிப்பு, நடத்தை விதிகள் எல்லாம் வந்தன. அந்த விதிகளை அவர் மேலிருந்து போடவில்லை. ஒவ்வொன்றாக வாசித்து, பெண்களைக் கைதூக்கச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் வைத்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லும் இடத்துக்கு அவரை இந்த அனுபவம் கொண்டுபோனது. பிள்ளைகள் வழியாக ஆரம்பித்ததால்தான் அந்தத் தாய்மார் அவரை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் கிரேட் யார்மத் ஊர்ச் சிறையில் ஊழியம் செய்த சாரா மார்ட்டின் அவ்வளவு பிரபலமில்லை. தையற்காரி, ஏழை. 1810-களின் இறுதியில் சிறைக்குள் போகத் தொடங்கி, வாரத்தில் ஒருநாள் கூலியை விட்டுக்கொடுத்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கைதிகள் செய்த பொருட்களை விற்று, அவர்கள் விடுதலையாகும்போது அந்தப் பணத்தைக் கையில் கொடுத்தார். 1843-இல் இறக்கும்வரை சிறைதான் அவருக்கு உலகம். நிதி, மேடை, ஒலிபெருக்கி இல்லாமல் இந்த ஊழியம் நடக்குமா என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இவரைத்தான்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். முதல் படி அனுமதி. ஒவ்வொரு நாட்டிலும் ஏன் ஒவ்வொரு சிறையிலும் விதி வேறு, அதனால் படிவம் எது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மனப்பான்மை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். ஜான் வெஸ்லி 1730-இல் ஆக்ஸ்போர்டு கோட்டைச் சிறைக்குப் போகத் தொடங்கினார். வில்லியம் மார்கன் என்ற நண்பர் நச்சரித்ததால்தான் போனார். அங்கே போனதும் தன் அப்பாவுக்கு எழுதி ஆலோசனை கேட்டார். சிறையின் குருவானவரிடமும் பேராயரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "கர்த்தர் கதவைத் திறப்பார்" என்று சொல்லிக்கொண்டு வாசலில் போய் நிற்கிற கூட்டத்தை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே அங்கே ஊழியம் செய்கிற குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்து ஒரு வருடம் போங்கள். புதுப் பெயர்ப் பலகை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 65-ஆவது விதி, எந்தக் கைதியும் ஏதாவது ஒரு மதத்தின் தகுதியுள்ள பிரதிநிதியைச் சந்திக்க விரும்பினால் மறுக்கக் கூடாது என்கிறது. அதே விதி, ஒரு கைதி மதப் பிரதிநிதியின் வருகையை விரும்பாவிட்டால் அந்த மனநிலையை முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். உள்ளே இருப்பவரால் எழுந்து போக முடியாது, சேனலை மாற்ற முடியாது. அறைக்குத் திரும்பினால் வெக்கையும் கொசுவும்தான் என்பதற்காகக்கூட உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த இக்கட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஆள் சேர்ப்பது ஊழியம் ஆகாது. வேறு மதத்தவர் வந்து உட்கார்ந்தால் வரவேற்றுப் பேசுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் செய்யுங்கள். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள், எதிர்பார்ப்பதாகத் தோன்றவும் விடாதீர்கள்.

உள்ளே போனபின் செய்யக் கூடாதவை சில உண்டு. "என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் விசாரணை இன்னும் முடியாதவர் என்றால் வழக்கு விவரத்தைச் சொல்ல வரும்போதே பக்குவமாகத் தடுத்துவிடுங்கள். தன்னார்வலரிடம் சொன்னது எதுவும் வெளியே வராது என்ற பாதுகாப்பு பல இடங்களில் கிடையாது. நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வரலாம். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து வரும்படி ஒருவர் பேசினால் அதை அதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும், அதை முன்கூட்டியே அவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். ரகசியம் காப்பேன் என்று அள்ளிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எதையும் உள்ளே கொண்டுபோகவும் வேண்டாம், வெளியே கொண்டுவரவும் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டாக இருந்தாலும் சரி. "அண்ணே, இந்த நம்பருக்கு ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லிடுங்க" என்பது பாவமாகத்தான் இருக்கும். அந்த நம்பர் அம்மாவுடையதாகவும் இருக்கலாம், வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவருடையதாகவும் இருக்கலாம். "எனக்கு அந்த அனுமதி இல்லை, நல அலுவலர் வழியாகக் கேட்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். உங்கள் வீட்டு முகவரி, சொந்த போன் நம்பர் கொடுக்காதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். பெண் கைதிகளிடம் பெண்களே போகட்டும். தனிமையில் இருக்கிறவர் அன்பாகப் பேசுகிற முதல் ஆளிடம் ஒட்டிக்கொள்வது இயற்கை. கேட்கிறவருக்கும் தான் இல்லாவிட்டால் இவர் இல்லை என்ற மிதப்பு வரும். பாதி ஊழியங்கள் உடைவது இங்கேதான்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வாக்குக் கொடுப்பது. யோசேப்பிடம் சொப்பனத்துக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு போன பானபாத்திரக்காரன் அவனை மறந்தே போனான், யோசேப்பு மேலும் இரண்டு வருடம் உள்ளே கிடந்தான். இப்படி மறக்கப்பட்டவர்கள்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வக்கீல் வருகிறேன் என்றார், தம்பி பணம் கட்டுகிறேன் என்றான், போன வருடம் வந்த பிரசங்கியார் பையனுக்கு ஸ்கூல் பார்த்துத் தருகிறேன் என்றார். அடுத்த மாதம் வருகிறோம் என்று சொன்னால் அடுத்த மாதம் போய் நில்லுங்கள். போக முடியாதென்றால் முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள். நன்றாகப் பேசுகிற ஆளைவிட நாள் தவறாமல் வருகிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும். வாரக் கணக்கில் திட்டமிட்டுப் பெரிய நிகழ்ச்சி நடத்தி, போட்டோ எடுத்து, அப்புறம் ஒரு வருடம் காணாமல் போகிற குழுக்களைக் கைதிகளும் காவலர்களும் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைத் தாண்டிப் போக வேண்டிய தடையாகப் பார்க்கிற ஊழியக்காரர்கள் உண்டு. பவுலைக் காவல் காத்த பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் கதையில் அவனோடு அவன் வீட்டார் எல்லோரும் விசுவாசத்துக்கு வருகிறார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிலுக்குள்தான் அவர்களும் வாழ்நாளைக் கழிக்கிறார்கள்.

இப்போது குடும்பம். ஒருவர் சிறைக்குப் போனதும் வீட்டில் முதலில் நிற்பது வருமானம். அடுத்து வக்கீல் செலவு, கடன். இவை கண்ணுக்குத் தெரியும், யாராவது உதவவும் கூடும். தெரியாதது வெட்கம். கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் பக்கத்து வீட்டார் விசாரித்து வருவார்கள். ஜெயிலில் இருக்கிறார் என்றால் கதவு சாத்திக்கொள்ளும். கல்யாண வீட்டில் பேச்சு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று வராமலே நின்றுவிடுவார்கள். குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு குடும்பம், யாரும் தீர்ப்பு எழுதாமலே தண்டனை அனுபவிக்கிறது. பவுல் ஒநேசிப்போருவின் வீட்டாருக்கும் இரக்கம் வேண்டி எழுதுகிறார். சிறைக்குப் போய்வருகிற மனிதனின் வீடும் அதன் பாரத்தைச் சுமக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதில்தான் குடும்பங்கள் அதிகம் திணறுகின்றன. "அப்பா வெளியூர்ல வேலை செய்றாரு" என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில் எவனாவது போட்டு உடைப்பான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அப்பாவைப் பற்றி மட்டுமல்ல, அம்மாவின் எந்தப் பேச்சையும் நம்பாது. என்ன சொல்வது என்ற முடிவு அம்மாவுடையது, நீங்கள் முந்திக்கொள்ளக் கூடாது. உங்களைக் கேட்டால், வயதுக்கேற்ற உண்மை நல்லது என்று சொல்லுங்கள். சட்டத்தை மீறியதாக அப்பாமேல் வழக்கு, அதனால் ஓர் இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது, உன்னால் இது நடக்கவில்லை, அவருக்கு உன்மேல் பாசம் போகவில்லை. "உன்னால் நடக்கவில்லை" என்பதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அன்று காலை நான் அடம்பிடித்ததால்தான் போலீஸ் வந்தது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற பிள்ளைகள் உண்டு.

பார்க்கப் போவதற்கும் உதவி வேண்டும். சிறைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தூரம். ஒருநாள் கூலி போகும், பேருந்துச் செலவு, எந்த அடையாள அட்டை கேட்பார்கள், எத்தனை மணிக்குப் பதிவு என்று தெரியாது. பாதி நாள் காத்திருந்து, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வந்தவர் அடுத்த முறை போகமாட்டார். உங்களில் ஒருவர் இந்த விதிகளைக் கரைத்துக் குடித்து வைத்துக்கொண்டு, முதல் தடவை கூடப் போனாலே போதும். குழந்தை வருகிறது என்றால் முன்னாடியே சொல்லிவையுங்கள்: வாசலில் சோதனை செய்வார்கள், அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், தொட முடியாமல் போகலாம், நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். பார்த்துவிட்டு வந்த பிறகு சில நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடாது, எரிந்து விழும், படுக்கையை நனைக்கும். பாட்டி உடனே "இனிமே கூட்டிட்டே போகவேண்டாம்" என்பார். பிரிவின் வலி அப்படித்தான் வெளியே வரும், அடுத்தடுத்த சந்திப்பில் குறையும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்ல அருகில் ஓர் ஆள் இருந்தால் பல உறவுகள் பிழைக்கும்.

இதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. தானே சிறையில் இருந்து வெளியே வந்த மேரி கே பியர்ட் என்ற பெண், கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறையில் தாய்மார் செய்வதைக் கவனித்திருந்தார். தொண்டு நிறுவனங்கள் அவர்களுக்குக் கொடுத்த சோப்பு, ஷாம்பு, பற்பசையைப் பயன்படுத்தாமல் சேர்த்துவைத்து, கிடைத்த காகிதத்தில் சுற்றிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பார்கள். பிரிசன் ஃபெல்லோஷிப் அமைப்பின் சார்பில் 1982-இல் அலபாமாவில் அவர் தொடங்கியதுதான் ஏஞ்சல் ட்ரீ. அமெரிக்க அதிபர் நிக்சன் காலத்து வாட்டர்கேட் விவகாரத்தில் சிறைக்குப் போய் வந்த சார்லஸ் கோல்சன் 1976-இல் நிறுவிய அமைப்புதான் பிரிசன் ஃபெல்லோஷிப். ஏஞ்சல் ட்ரீயில், கைதிகளின் பிள்ளைகளுக்குச் சபையார் பரிசு வாங்கிக் கொடுப்பார்கள், ஆனால் பரிசு போவது சபையின் பெயரில் இல்லை, உள்ளே இருக்கிற அம்மா அல்லது அப்பாவின் பெயரில். அந்த ஒரு விவரத்தில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. தானதர்மம் வாங்கிய பிள்ளையாக இல்லாமல், அப்பா நினைவு வைத்திருக்கிற பிள்ளையாக அது இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரு தகப்பனிடம் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறோம். கொஞ்சமும் யோசிக்காமல் "பொம்மைன்னா உசுரு" என்பார். வீட்டுக்குப் பேசினால் மகள் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இப்போது வேண்டியது ஜியோமெட்ரி பெட்டியும் நல்ல காலணியும். அவர் மனதில் அவள் கைது நடந்த நாளின் வயதிலேயே நின்றுவிட்டாள். இங்கே உங்கள் வேலை ஜியோமெட்ரி பெட்டி வாங்குவது மட்டுமல்ல. அடுத்த வருகையில் அவரிடம் போய், "உங்க பொண்ணு கணக்குல கெட்டிக்காரியாம், செருப்பு சைஸ் ஏறிடுச்சாம்" என்று சொல்வது. சிறை விதி அனுமதித்தால் அவர் கையாலேயே ஒரு வாழ்த்து எழுதச் சொல்லி, அதிகாரி பார்த்த பிறகு பரிசோடு சேர்ப்பது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். ஆனால் நீங்கள் சேர்த்து எழுதாதீர்கள். "நல்லா படி" என்று இரண்டு வார்த்தைதான் சொன்னார் என்றால் அந்த இரண்டு வார்த்தை போகட்டும். வசனம் ஒட்ட வேண்டாம்.

பண உதவி என்றால் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலும் மளிகையைக் கடையிலும் கட்டிவிடுவது நல்லது. மனைவிக்குச் செய்த உதவியைக் கைதியிடம் போய்ச் சொல்லும் முன் அவளிடம் கேளுங்கள். சில வீடுகளில் அந்தக் கணவன் உள்ளே போனதால்தான் அவள் அடி வாங்காமல் தூங்குகிறாள். குடும்பத்தைச் சேர்த்துவைப்பதுதான் எப்போதும் தேவசித்தம் என்று நினைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எந்த உறவு காக்கத் தக்கது என்று அவளுக்குத் தெரியும். பெண்களுக்கென்றே தனியாக ஒரு கூடுகை வைத்தால் இதெல்லாம் வெளியே வரும். 1976-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய கைரோஸ் சிறை ஊழியம், கைதிகளின் மனைவிமார், தாய்மார், சகோதரிகளுக்காகக் கைரோஸ் அவுட்சைட் என்று தனிப் பிரிவே நடத்துகிறது. அங்கே யாரும் தன் வீட்டு விஷயத்தை மறைக்க வேண்டியதில்லை, எல்லோர் வீட்டிலும் அதே விஷயம்.

பாதிக்கப்பட்டவர்களையும் மறக்கக் கூடாது. கைதியோடு நெருங்கப் பழகினால், அவர் தரப்பு நியாயம் மட்டுமே காதில் விழும். பிரிசன் ஃபெல்லோஷிப் இன்டர்நேஷனல் நடத்தும் சிகமோர் ட்ரீ என்ற பயிற்சியின் பெயர், இயேசுவைப் பார்க்க வரிவசூலிக்கிற சகேயு ஏறிய மரத்தை நினைவுபடுத்துகிறது. அதில் குற்றம் செய்தவர்களும், வேறு சம்பவங்களில் பாதிக்கப்பட்டவர்களும் சில வாரங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். வீடு புகுந்து திருடியவர், திருட்டுப் போன வீட்டுப் பாட்டி இரண்டு வருடமாக விளக்கை அணைக்காமல் தூங்குகிறார் என்று அப்போதுதான் கேள்விப்படுவார். உங்கள் சிறு குழு இதை உடனே செய்ய முடியாது, பயிற்சி இல்லாமல் தொடவும் கூடாது. ஆனால் "ஆண்டவர் மன்னித்துவிட்டார், எல்லாம் முடிந்தது" என்று சுலபமாகச் சொல்லாமல் இருக்கலாம். சகேயு அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

உள்ளே மனம் திரும்பினேன் என்பவரை நம்பலாமா என்பது எல்லோரும் கேட்பதுதான். சிலர் நன்னடத்தைச் சான்றுக்காகச் சொல்வார்கள், பலர் உண்மையாகவே சொல்வார்கள், இன்னும் பலருக்குத் தங்களுக்கே தெரியாது. உங்களுக்கு அதைத் தீர்ப்புச் சொல்லும் வேலை இல்லை. விடுதலையானபின் எங்கே தூங்குவார் என்று விசாரிப்பது உங்கள் வேலை.

ஏனென்றால் ஆபத்தான காலம் அதுதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று காட்டியது. போதைப்பொருள் அளவு மீறியதுதான் முதல் காரணம். உள்ளே பழக்கம் விட்டுப்போயிருக்கும், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. போதை இல்லாதவருக்கும் அந்த நாட்கள் லேசு இல்லை. அடையாள அட்டை காலாவதி, போன் நம்பர் எல்லாம் மாறிப்போயிருக்கும், வேலைக்குப் போனால் இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்பார்கள். வாசலில் காத்திருப்பது பழைய கூட்டாளி மட்டும் என்றால் அவனோடுதான் போவார். விடுதலைத் தேதி தெரிந்ததும் அன்றைக்கு யார் போவது, முதல் பதினைந்து நாள் எங்கே தங்குவது என்று முடிவு செய்துவையுங்கள்.

பிரேசிலில் 1972-இல் மரியோ ஒட்டோபோனி என்ற வழக்கறிஞரும் நண்பர்களும் தொடங்கிய அபாக் சிறைகளில் ஆயுதக் காவல் இல்லை, சாவியே கைதிகளிடம்தான். அங்கே தன்னார்வத் தம்பதிகள் ஞானப் பெற்றோராக இருந்து, கைதிகள் தங்கள் குடும்பத்தோடு அறுந்த உறவைச் சீராக்க உதவுகிறார்கள். சாவி வைத்திருப்பது செய்திகளில் வரும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தத் தம்பதிகள் ஏற்பாட்டை.

சபைக்குள் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்த்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர் என்றால் ஞாயிறு பள்ளி, வாலிபர் முகாம் பக்கமே விடக் கூடாது, இது அவருக்கும் பாதுகாப்பு. இதற்கும் வழி கண்டவர்கள் உண்டு. 1994-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், ஊரே பயந்து எதிர்த்த அப்படிப்பட்ட ஒருவர் விடுதலையாகி வந்தபோது, மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவரும் சபையார் சிலரும் அவரைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள். அடிக்கடி சந்திப்பார்கள், உதவுவார்கள், எங்கே போனாய் யாரைப் பார்த்தாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. தள்ளிவைக்கவும் இல்லை, ஏமாறவும் இல்லை.

இன்னொரு கெஞ்சல்: வந்த முதல் ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். கேட்கிறவர்களுக்குச் சிலிர்க்கும். சொல்கிறவர் அன்று முதல் "அந்தக் கொலைக் கேஸ் பிரதர்" ஆகிவிடுவார். பள்ளியில் படிக்கிற அவர் பிள்ளைக்கும் அதே பெயர் ஒட்டும். பவுல், பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை அவரிடமே திருப்பி அனுப்பும்போது அவனுடைய பழைய கதையை விரிக்கவில்லை. அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை என்று எழுதினார். வேலை கொடுக்கத் தயங்குகிற ஒரு முதலாளியிடம் உங்கள் சபையில் யாராவது அப்படி ஜாமீன் நிற்பார்களா என்று யோசியுங்கள்.

கடைசியாக ஆள் கணக்கு. பன்னிரண்டு பேரில் மூன்று நான்கு பேர் உள்ளே போனால் போதும். மிச்சப் பேர் குடும்பங்களுக்கும் விடுதலையாகி வருகிறவர்களுக்கும். எவ்வளவு கேட்டாலும் பதற்றப்படாமல் கேட்கிறவர், கணக்கு எழுதுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் வேண்டும். குற்றவாளிகளைத் திருத்திக் காட்டுகிறேன் என்று வருகிறவரையும், நெருங்கிய உறவில் குற்றத்தால் இழப்புக் கண்டு இன்னும் ஆறாதவரையும் இப்போதைக்கு உள்ளே அனுப்ப வேண்டாம்.

அனுமதி வர மாதக் கணக்காகலாம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. சிறை நல அலுவலரிடமோ அங்கே ஊழியம் செய்யும் குழுவிடமோ, பார்க்க ஆளே வராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் சம்மதித்தால் வீட்டாரைத் தொடர்புகொள்ளலாமா என்று கேளுங்கள். உங்கள் போதகரிடமும் தனியாக ஒன்று கேளுங்கள்: நம் சபைக் குடும்பங்களிலேயே யார் வீட்டு ஆளாவது உள்ளே இருக்கிறாரா? அப்படி ஒரு குடும்பம் இருந்தால், முதலில் போதகர் மட்டும் போய்ப் பேசட்டும். அவர்கள் சரி என்ற பிறகு உங்களில் ஒருவர் போகட்டும், பன்னிரண்டு பேரும் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாம்.